ஒண்ணும் ஆகாது சார்

முதல் கம்பெனிக்காரன் சொன்னான்:
‘ஒண்ணும் ஆகாது சார், ஆயிரம் பேர இறக்கியிருக்கோம்.’
சீர்காழி தீயணைப்பு நிலையம், ராத்திரி டியூட்டி,
மேசைமேல் ஆறிப்போன டீ.
அவன் நம்பரை அடித்துவிட்டேன்.

அந்த வார்த்தையை எனக்குத் தெரியும்.
கொள்ளிடக் கரையில் ஈரத்துண்டோடு நிற்கிறவர்கள்
ஒவ்வொரு தடவையும் ஒப்பிக்கிறார்கள்:
‘முழங்கால் தண்ணிதான் சார்,
ஒண்ணும் ஆகாதுன்னு எறங்கினான்.’
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொல்லிவைத்தவர்கள்
ராத்திரியில் வந்து ஆழத்தை மாற்றிவிட்டுப் போகும்
மணல் லாரிகளைப் பார்த்ததில்லை.

பதினேழு வருஷம்.
கயிறு, பாதாளக்கரண்டி, ஒட்டுப்போட்ட ரப்பர் படகு.
மூச்சைப் பிடித்து முங்கி, கையால் தடவித் தேடி
விரலில் தலைமுடி சிக்கும்போது
அதை இங்கே எழுதப் போவதில்லை.

தையல்நாயகிக்கு இதெல்லாம் வேண்டாம்.
சீட்டுப் பணம் எடுத்திருக்கிறாள்.
என் காக்கிச் சட்டையைப் பிழிந்த வாளியில்தான்
இத்தனை நாள் ஆற்றைப் பார்த்தாள்.
‘அந்தமான்ல மீனெல்லாம் கண்ணாடிகிட்ட வந்து
நம்மளப் பாக்குமாமே?’
உயிரோடு இருப்பதைப் பார்க்கவும்
தண்ணீருக்குள் போகலாம் என்று
எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

அதனால்தான் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன்.
ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்?
எட்டு என்றான் ஒருவன், பள்ளிக்கூட வேன் கணக்கில்.
சிலிண்டர் கழுத்தில் குத்தியிருக்கும் சோதனைத் தேதியை
போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால்
கடலாமை படம் அனுப்பினான் இன்னொருவன்.
படகில் ஆக்சிஜன் உண்டா?
‘காத்து நல்லா வரும் சார், தெறந்த படகு.’
சிரித்துவிட்டேன்.
டிரைவர் குஞ்சிதபாதம் தூக்கத்தில் புரண்டு படுத்தார்.
நீச்சல் தெரிய வேண்டாமாம். டாக்டர் சீட்டு வேண்டாமாம்.
காலையில் முங்கி மத்தியானமே விமானம் ஏறலாமாம்.
இன்றைக்கே பணம் கட்டினால் வீடியோ இலவசம்.

ஐந்தாவது ஒரு பெண். சுதேஷ்ணா.
வங்காள வாடை அடிக்கும் தமிழ்.
நான் கேட்குமுன் அவள் கேட்டாள்:
ஆஸ்துமா? வலிப்பு? ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை?
காதில் எப்போதாவது?

பொய் சொல்லியிருக்கலாம்.
பெருவெள்ளம் வந்த வருஷம்
அடிநீரில் வந்த மரக்கட்டை ஒன்று
இடது காதைப் பதம் பார்த்தது. சவ்வு கிழிந்தது.
அன்றிலிருந்து அந்தப் பக்கம் கொள்ளிடம் ஓடுகிறது,
சொட்டுத் தண்ணீர் வராத வைகாசியிலும்.

சொன்னேன்.
‘டாக்டர் பாத்து எழுதிக் குடுக்காம
நீங்க எறங்க முடியாது சார்.’
நான் தண்ணியிலேயே வேலை பாக்கிறவம்மா என்றேன்.
‘அப்ப உங்களுக்கே தெரியுமே’ என்றாள்.
காற்று சரியில்லாத நாளில் படகு எடுக்க மாட்டார்களாம்.
பணம் திரும்ப வந்துவிடுமாம்.
ஒருத்தருக்கு ஒரு ஆள், கைப்பிடி தூரத்தில்.
அழுத்த அறைக்கு எத்தனை மணி நேரப் பயணம் என்பதை
யோசிக்காமல் சொன்னாள்.
விலை மற்றவர்களைவிட இரண்டாயிரம் கூட.

போனை வைத்துவிட்டு
ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.
‘நீ எறங்காதே’ என்று
கரையில் யாரோ ஒருத்தர் சொல்லியிருந்தால்
நான் முங்க வேண்டியே இருந்திராத இரவுகளை எண்ணினேன்.
முப்பத்தொன்றில் கணக்கு தப்பிவிட்டது.

விடியற்காலையில் பணம் அனுப்பினேன்.
முங்க ஒருத்தர், படகில் உட்கார ஒருத்தர்.
தையல்நாயகிக்குக் கொஞ்சம் வருத்தம்.
‘நீங்க மேல உக்காந்து என்ன பண்ணுவீங்க?’

குமிழி வருதான்னு பாத்துக்கிட்டிருப்பேன் என்றேன்.

இங்கே நான் போய்ச் சேரும்போதெல்லாம்
அது நின்றுபோயிருக்கும்.